பத்தடி தூரம்

அந்த ரொட்டித் தொழிற்சாலையில் எந்த மிஷின் மக்கர் செய்தாலும் தலைமை ஃபிட்டர் வந்து ஒரு தட்டு தட்டினால் ஓடிவிடும் என்று பேர். அடுப்பு, ரொட்டி வெட்டும் மிஷின், பொட்டலம் கட்டும் மிஷின், எதைக் கேட்டாலும் அவருக்கு அத்துப்படி. மாவு பிசையும் மிஷின் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்க மாட்டார். அதில் கோளாறு என்றால் தன் கீழே வேலை பார்க்கும் யாரையாவது அனுப்பிவிட்டு, தனக்கு வேறெங்கோ தலைபோகிற வேலை இருப்பதுபோல நடந்து போய்விடுவார். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. அவருடைய இடது கையில் மூன்று விரல்கள்தான் இருந்தன. மற்ற இரண்டும் மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த மிஷினுக்குள் போய்விட்டன.

பூட்டைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. மிஷினில் கை வைக்கப் போகிறவர் முதலில் சுவிட்சை அணைப்பார். அணைத்த சுவிட்சில் தன்னுடைய சிவப்புப் பூட்டை மாட்டுவார். சாவி அவர் சட்டைப் பையில் இருக்கும். மாற்றுச் சாவி கிடையாது. அவரே வந்து பூட்டைக் கழற்றும்வரை முதலாளியே வந்து நின்றாலும் அந்த மிஷின் ஓடக் கூடாது. பூட்டு தொங்கினால் உள்ளே ஓர் ஆளின் கை இருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் மறதி என்று ஒன்று இருக்கிறதே. வேலையை முடித்து, கையைக் கழுவி, தலையை வாரிக்கொண்டு, பூட்டை அப்படியே தொங்கவிட்டுச் சாவியோடு வீட்டுக்குப் போய்விடுகிறவர்களும் உண்டு. அப்புறம் அந்த மகானுபாவர் வீட்டிலிருந்து திரும்பி வரும்வரை மிஷின் நிற்க வேண்டியதுதான், மாவு புளிக்க வேண்டியதுதான்.

மாவு பிசையும் மிஷினை அப்போது ஓட்டியவனுக்கு இப்போதைய பட்டப்பெயர் அவசரம். ஒருநாள் சாயங்காலம் சுவிட்சில் ஃபிட்டரின் பூட்டு தொங்குவதைப் பார்த்தான். ஷிஃப்ட் மாறி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ஃபிட்டரின் ஸ்கூட்டர் நிற்கும் இடம் காலியாக இருந்தது. ஊர் மிஷினையெல்லாம் பார்க்கிறவருக்குச் சொந்த ஸ்கூட்டரைப் பார்க்க நேரமில்லாமல் அது அன்றைக்கு ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. அவர் பஸ்ஸில் வந்திருந்தார். அவனுக்கு அது தெரியாது. ஆள் மறந்துவிட்டுப் போய்விட்டார் என்று முடிவுகட்டி, கட்டரை எடுத்துப் பூட்டை வெட்டி, சுவிட்சைப் போட்டான். ஃபிட்டர் மிஷினுக்குப் பின்பக்கம் இருந்தார். சுவிட்சிலிருந்து பார்த்தால் தெரியாத ஒரு சின்னக் கதவுக்குள் கையை விட்டு, காய்ந்த மாவைச் சுரண்டிக்கொண்டிருந்தார். மிஷின் அரைச் சுற்றுதான் சுற்றியது.

விசாரணையில் ஏன் வெட்டினாய் என்று கேட்டார்கள். "அவசரப்பட்டுட்டேங்க" என்றான். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. வேலை போயிற்று, பட்டப்பெயர் வந்தது. ஒரு டீயை அரைமணி நேரம் குடிக்கிற ஆள் அவன். அவனுக்கா அவசரம் என்று நாலு பேர் ஆச்சரியப்பட்டார்கள். அப்புறம் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

ஃபிட்டர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் சபை முன்னால் எழுந்து சாட்சி சொன்னார். எனக்கு இதைச் செய்தவனை நான் மன்னித்துவிட்டேன், அவன்மேல் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை என்று கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினார். சபை முழுக்க அழுதது. போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்றிலிருந்து ஃபிட்டர் மற்ற சபைகளுக்கும் அழைக்கப்பட்டு இதையே சொல்லிவந்தார். ஏழு நிமிட சாட்சி. எந்த இடத்தில் குரல் தழுதழுக்கும், எந்த இடத்தில் கை மேலே போகும் என்பது அவர் மனைவிக்கு மனப்பாடம். மன்னிக்கப்பட்டவன் கண்ணில் படாத தூரத்தில் இருந்தான், அதனால் மன்னிப்புக்கும் ஒரு குறையும் வரவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு புதன்கிழமை மேனேஜர் அம்மா அவரை அறைக்குக் கூப்பிட்டார்.

"மாவு மிக்ஸிங்ல ரெண்டு பேர் வேலையை விட்டு நின்னுட்டாங்க, தெரியுமில்ல? பழைய ஆள் மனு போட்டிருக்காரு. அதான், அவசரம்னு கூப்பிடுவாங்களே, அவரு. வேலை தெரிஞ்ச ஆளு. ஆனா அடிபட்டவர் ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்துப் போட்டாதான் மேல ஒத்துக்குவாங்க. திங்கக்கிழமைக்குள்ள சொல்லுங்க."

"நான் போடலைன்னா?"

"வேண்டாம்னு எழுதி வச்சுருவோம். உங்களை யாரும் ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க" என்று படிவத்தை நீட்டினார்.

ஃபிட்டர் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில், பூட்டுச் சாவியோடு வைத்துக்கொண்டார்.

வீட்டில் மனைவி துணி துவைக்கச் சட்டைப் பையைத் துழாவியபோது காகிதம் அகப்பட்டது. படித்துவிட்டு, "இதுக்கு எதுக்கு திங்கக்கிழமை வரைக்கும்? பேனாவைக் கொண்டு வரட்டா?" என்றாள்.

"யோசிக்கணும்."

"என்னத்தை யோசிக்க? அதான் மன்னிச்சாச்சே. பதினோரு சபையில சொல்லியாச்சு."

"மன்னிக்கிறது வேற, மறுபடி கொண்டாந்து பக்கத்துல நிறுத்துறது வேற" என்றார் ஃபிட்டர். சொல்லும்போதே அது எவ்வளவு மட்டமான பதில் என்று அவருக்கே தெரிந்தது. அவள் அவரை ஒரு கணம் பார்த்துவிட்டுத் துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

உண்மை என்னவென்றால், அவருக்குப் பயம். அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது, அதை அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை. விரல் போவதற்கு நாலு மாதம் முந்தி ஒருநாள் அவர் நிஜமாகவே பூட்டை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தார். அதற்கு முன்னும் ஒரு தடவை அப்படி ஆகி, இனிமேல் மறந்தால் தலைமை ஃபிட்டர் பதவி போய்விடும் என்று எழுதிக் கொடுத்து எச்சரித்திருந்தார்கள். சாப்பிட உட்காரும்போது மிஷினை ஓட்டிய அவசரம் போன் செய்தான். ஃபிட்டர் சொன்னது இது: "வெட்டி எறிஞ்சுட்டு ஓட்டுடா. புதுப் பூட்டு நானே வாங்கிட்டு வந்து மாட்டிடறேன். யார் காதுக்கும் போக வேண்டாம். இன்னொரு தடவை இப்படித் தொங்கினா போன்கூடப் போடாத, நீயே வெட்டிக்க."

நாலு மாதம் கழித்து அவன் அதைத்தான் செய்தான்.

அவன் விசாரணையில் அதைச் சொல்லாததை ஃபிட்டர் தனக்கு வசதியான மாதிரி புரிந்துகொண்டிருந்தார். மறந்திருப்பான், பதற்றத்தில் ஞாபகம் வந்திருக்காது. இவ்வளவு நாள் அப்படியே நம்பியும் விட்டார். இப்போது அவன் திரும்பி வந்தால்? டீ குடிக்கும் இடத்தில் நாலு பேர் பேச்சுக் கொடுத்தால்? ஒருவேளை ஞாபகம் இருந்தால்?

அதைத் தெரிந்துகொள்ளத்தான் சனிக்கிழமை அவனைத் தேடிப் போனார். இரக்கப்பட்டுப் போகவில்லை. வேவு பார்க்கத்தான் போனார்.

அவன் பஸ் டெப்போவில் பஸ் கழுவிக்கொண்டிருந்தான். ரப்பர் பூட்ஸ், முழங்கால்வரை சுருட்டிய கால்சட்டை, கையில் தண்ணீர்க் குழாய். ஃபிட்டரைப் பார்த்ததும் குழாயை மூடினான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"வாங்கண்ணே. உக்காருங்க. இந்த வண்டி ஒண்ணு முடிச்சுட்டு வந்துடறேன்."

ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுப் போனான். ஒவ்வொரு சக்கரமாகக் குனிந்து, இடுக்கில் இருந்த சேற்றைக் குச்சியால் நோண்டி எடுத்து, தண்ணீர் அடித்து, மறுபடி குனிந்து பார்த்து, அடுத்த சக்கரத்துக்குப் போனான். ஆறு சக்கரம். ஃபிட்டருக்குப் பொறுமை போயிற்று. இவனையா அவசரம் என்கிறார்கள் என்று தனக்குள் சொல்லிக்கொண்டவர், சொன்னதும் சங்கடப்பட்டு வேறு பக்கம் பார்த்தார்.

கடைசியில் இரண்டு டம்ளர் டீயோடு வந்து உட்கார்ந்தான். குடும்பத்தைப் பற்றி விசாரித்துக்கொண்டார்கள். அவனுடைய இரட்டைப் பெண்கள் இரண்டும் பள்ளிக்கூடம் போகின்றன, மாமியார் கூடவே இருக்கிறார், "அவங்க இருக்கிற வரைக்கும் வீட்டுல டிவி தேவையில்லண்ணே" என்றான். ஃபிட்டர் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் சுற்றி வளைத்தார்.

"மனு போட்டிருக்கியாமே."

"ஆமாண்ணே. பஸ் கழுவுறதுல ஒண்ணும் கேவலம் இல்ல. ஆனா எனக்கு மாவு வேலைதான் தெரியும். நீங்க வேண்டாம்னு சொன்னாலும் வருத்தப்பட மாட்டேன். உங்க கை அது."

"அதில்ல. அன்னைக்கு விசாரணையில... அவசரம்னு சொன்னியே. நீ என்னைக்கு அவசரப்பட்டிருக்க?"

அவன் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சூட்டை ஊதினான். "வேற என்ன சொல்றது?"

"இல்ல, அதுக்கு முன்னாடி ஒரு தடவை நான் போன்ல..."

"ஞாபகம் இருக்குண்ணே."

ஃபிட்டர் தன் டம்ளரைத் தரையில் வைத்தார். "அப்புறம் ஏன்டா சொல்லல?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். விசாரணைக்கு முந்தின நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். உள்ள விடல. கதவுல கண்ணாடி இருந்துச்சு, அது வழியா பார்த்தேன். நீங்க கட்டுப்போட்ட கையைப் பார்த்துட்டே படுத்திருந்தீங்க. விரலும் போச்சு, நான் இதைச் சொன்னா வேலையும் போகும். எதுக்கு ரெண்டும் போகணும்னு விட்டுட்டேன்."

"உன் வேலை போச்சே."

"வெட்டினது நான்தானேண்ணே" என்றான் அவன். "நீங்க வெட்டச் சொன்னீங்க, சரி. பின்னாடி போய் ஆள் இருக்கான்னு பார்க்காதன்னு சொன்னீங்களா? சுவிட்சுலேருந்து அந்தக் கதவுக்குப் பத்தடி தூரம். நடந்து போய் ஒரு எட்டு பார்த்திருக்கலாம். பத்தடி நடக்கலண்ணே நானு. அதை யார்மேல போடறது?"

ஒரு பஸ் பின்னால் வந்து நின்றது.

"என்மேல உனக்குக் கோவம் இல்லையா?"

"ஏன் இல்லாம? முதல் ஒரு வருஷம் உங்களைத் திட்டிக்கிட்டேதான் தேய்ப்பேன். வண்டி நல்லா பளபளன்னு வரும்" என்று சிரித்தான். பிறகு, "உங்க சாட்சியைக் கேட்டேண்ணே. யாரோ போன்ல அனுப்பினாங்க. நல்லா பேசறீங்க" என்றான்.

அதில் குத்தல் ஏதாவது இருக்கிறதா என்று ஃபிட்டர் அவன் முகத்தைத் தேடினார். இருந்திருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இல்லை. அவன் டீ இன்னும் பாதிகூடக் குறையவில்லை.

மறுநாள் ஞாயிறு. போதகர் இரக்கத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். இரக்கம் காட்டுகிறவனைத் தேடி வேறெங்கும் போக வேண்டியதில்லை, நம் நடுவிலேயே ஒருவர் இருக்கிறார் என்று சொல்லி, ஃபிட்டரை முன்னால் வரும்படி கையைக் காட்டினார். ஃபிட்டர் எழுந்து போனார். மைக் கைக்கு வந்தது. முதல் வரி தானாக நாக்குக்கு வந்தது, அதை விழுங்கினார்.

"மூணு வருஷமா நான் உங்ககிட்ட பாதிதான் சொல்லியிருக்கேன்" என்றார்.

பிறகு மீதியைச் சொன்னார். பூட்டை மறந்தது, போன், வெட்டிக்க என்று சொன்னது, யார் காதுக்கும் போக வேண்டாம் என்றது. அவன் அதை ஞாபகம் வைத்துக்கொண்டே வாயை மூடிக்கொண்டது. "நான் இரக்கம் காட்டினேன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். இத்தனை நாளும் அவன் காட்டின இரக்கத்துலதான் என் சோறு ஓடிக்கிட்டு இருந்திருக்கு. மன்னிச்சேன்னு சொன்னதுக்கு என்னை மன்னிச்சுக்குங்க." கை மேலே போகவில்லை. குரல் தழுதழுக்கவும் இல்லை, வறண்டு போயிருந்தது.

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. ஒலிபெருக்கி லேசாக இரைந்தது. கீபோர்டு வாசிக்கிறவர் பாட்டைத் தொடங்கலாமா வேண்டாமா என்று போதகரைப் பார்த்தார், போதகர் தன் செருப்பைப் பார்த்தார். ஃபிட்டர் மைக்கை மேஜையில் வைத்துவிட்டு வந்து மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வெளியே வரும்போது வழக்கமாகக் கையைப் பிடித்துக் குலுக்குகிறவர்களில் பாதிப் பேருக்குச் செருப்பு மாட்டுவதில் அதிக கவனம் தேவைப்பட்டது.

வீட்டுக்குப் பாதி வழி வந்ததும் மனைவி, "அன்னைக்கு நீங்க போன்ல பேசினப்ப நான்தானே பக்கத்துல சோறு போட்டுக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

ஃபிட்டர் அப்படியே நின்றுவிட்டார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பின்ன ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன். முதல் தடவை சாட்சி சொன்னப்ப இப்ப சொல்லுவாரு, இப்ப சொல்லுவாருன்னு உக்காந்திருந்தேன். ரெண்டாந்தடவையும் இருந்தேன். அப்புறம் எதிர்பார்க்கிறதை விட்டுட்டேன்." அவள் நடந்துகொண்டே பேசினாள். "வாங்க, நடுத்தெருவுல நிக்காதீங்க."

விரல் போனபோதுகூட அவருக்கு இப்படி வலிக்கவில்லை. ஆனால் அவள் நாலு எட்டு முன்னால் போய் அவருக்காக நின்றாள், அவர் போய்ச் சேர்ந்துகொண்டார்.

திங்கட்கிழமை காலை ஃபிட்டர் மேனேஜர் அம்மா முன்னால் கையெழுத்துப் போட்ட படிவத்தை வைத்தார். அதோடு அந்தப் போன் விஷயத்தைக் கைப்பட எழுதிய இன்னொரு காகிதத்தையும் வைத்தார். மேனேஜர் அம்மா இரண்டாவதை இரண்டு தடவை படித்தார்.

"ஏங்க, இதைக் கொடுக்காமலே முதல் காகிதத்தை மட்டும் கொடுத்திருக்கலாமே. அவருக்கும் வேலை கிடைச்சிருக்கும், உங்களுக்கும் ஒண்ணும் ஆகியிருக்காது."

"அப்படிக் கொடுத்தா அவனை நான் மன்னிச்சு உள்ள விட்ட மாதிரி ஆயிடும் மேடம். அது பொய்."

"நான் நடவடிக்கை எடுக்காம இருக்க முடியாது. புரியுதா?"

"புரியுது."

தலைமை ஃபிட்டர் பதவி போயிற்று. அவரிடம் தொழில் கற்ற, அவரைவிடப் பத்து வயது சின்னவர் ஒருவர் தலைமை ஆனார். அவர் இவரை எப்படி வேலை ஏவுவது என்று தெரியாமல் ஒரு வாரம் திண்டாடினார், இவரே போய் "சொல்லுப்பா, எந்த மிஷின்?" என்று கேட்க வேண்டியதாயிற்று. மற்ற சபைகளிலிருந்து அழைப்பு நின்றது. சொந்தச் சபையில் மட்டும் போதகர் ஒருநாள் வீடு தேடி வந்து, நெடுநேரம் உட்கார்ந்து, கடைசியில் தன் வீட்டுத் தண்ணீர் மோட்டார் சத்தம் போடுவதாகச் சொன்னார். ஃபிட்டர் போய்ப் பார்த்துக் கொடுத்தார்.

ஐந்து வாரம் கழித்து அவசரம் வேலைக்குத் திரும்பினான். வந்த ஆறாவது நாள் மாவு பிசையும் மிஷின் நின்றது. பின்கதவுப் பக்கம் ஏதோ சிக்கியிருந்தது. புதுத் தலைமை வேறொருவரைக் கூப்பிட வாயெடுத்தார். "நான் போறேன்" என்றார் ஃபிட்டர்.

சுவிட்சை அணைத்தார். பூட்டை மாட்டினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டு, பையை வெளியிலிருந்து ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். சுவிட்சுக்குப் பக்கத்தில் அவசரம் டீ டம்ளரோடு நின்றான்.

பின்பக்கம் போய் முட்டிபோட்டு, சின்னக் கதவைத் திறந்தார். உள்ளே இருட்டு, மாவின் புளித்த வாடை. கையை நீட்டினார். கை கதவுவரை போனது, அதற்கு மேல் போகவில்லை. பூட்டு தொங்குகிறது, சாவி பையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. சுவிட்ச் இருக்கும் பக்கம் இங்கிருந்து தெரியாது. அங்கே நிற்கிறவனும் தெரியவில்லை. மன்னிப்பு, சாட்சி, காகிதம் எல்லாம் முடிந்து, கடைசியில் அந்த இரும்புக்கு அந்தப்பக்கம் நிற்கும் ஓர் ஆளை நம்ப முடியாமல் முட்டிபோட்டுக் கிடந்தார்.

அப்போது காலடிச் சத்தம் கேட்டது. மெதுவாக, ஒன்றன்பின் ஒன்றாக, மிஷினைச் சுற்றிக்கொண்டு வந்தது. அவசரம் எதிரே வந்து நின்றான். டம்ளரைக் கீழே வைத்தான். இரண்டு கையையும் மிஷினின் மேல்மூடியில், ஃபிட்டரின் கண்ணில் படும்படி வைத்துக்கொண்டான்.

"நான் இங்கயே நிக்கிறேண்ணே. நீங்க என்னைப் பார்த்துக்கிட்டே செய்ங்க."

ஃபிட்டர் அந்தக் கைகளைப் பார்த்தார். பத்து விரலும் இருந்தன. பஸ் தேய்த்துத் தேய்த்து நகமெல்லாம் வெடித்திருந்தது. அவர் தன் மூன்று விரல் கையை உள்ளே விட்டார். மாவு இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

"டீ ஆறிடும்டா" என்றார்.

"ஆறட்டும்ணே. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."